மெஷினோட போறதும் மனுஷியோட போறதும்

மத்தியானம் மூன்று மணிக்கு இடி இடித்தது. தெருவுக்கே பொதுவான இடிதான். ஆனால் வந்து விழுந்தது என்னவோ மாடி வீட்டு லேபிள்காரி தலையில். ஜன்னல் ஒரு தரம் வெளுத்தது. மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் 'பட்' என்று ஒரு சத்தம். திரை இருண்டது. கருகின வாடை மூக்கில் ஏறியதும் அவள் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கி என்ன பண்ண? எரிய வேண்டியது எரிந்து முடிந்திருந்தது.

"என்னம்மா சத்தம்?" சமையலறையிலிருந்து மாமியார் கேட்டாள்.

"போச்சு அத்தை."

"எது போச்சு?"

"மெஷின்."

மாமியார் ஒரு கையில் கத்தியும் ஒரு கையில் பாதி சீவின உருளைக்கிழங்குமாக ஓடி வந்தாள். பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு மருமகளின் கையைப் பிடித்து விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தாள்.

"ஷாக் அடிச்சுச்சா? மரத்துப் போன மாதிரி இருக்கா? மடக்கிக் காட்டு. நல்லா மடக்கு."

"எனக்கு ஒண்ணும் ஆகல அத்தை. மெஷின்தான்..."

"மெஷின் கெடக்குது விடு. அதுக்கு வயசாயிடுச்சு. விரல் போனா எந்தக் கடையில போய் வாங்குறது?"

இந்த ஒரு பேச்சுக்காகவே இந்தப் பொம்பளைக்குக் காலம் பூரா செருப்பாகத் தேயலாம் என்று மருமகளுக்குத் தோன்றியது. சிக்கலே அங்கேதான் இருந்தது.

அவள் தொழில் லேபிள் வரைவது. சோப்பு, மெழுகுவர்த்தி, பெயின்ட் டப்பா, ஷூ பாலிஷ் என்று கடையில் எதைக் கையில் எடுத்தாலும் மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறதே, அதை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து வரையத்தானே வேண்டும்? அந்தப் பேட்டையில் பாதிக்கு அவள்தான். ஆரம்பித்தது அவள் புருஷன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து, ரெண்டே நாளில் ஆளைக் கொண்டுபோய்விட்டது. முதல் ரெண்டு மாசம் மருமகள் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். மாமியார் வாயைத் திறக்கவில்லை. வேளாவேளைக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் டீயும் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தாள், சாப்பிடாததை எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் மாசம் ஒரு காலையில் மேஜையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "அவன் வேலை பாதியில நிக்குது. உனக்குத் தெரிஞ்ச வேலைதானே, வந்து உக்காரு" என்றாள். பெத்த மகனைப் பறிகொடுத்தவள் சொல்கிறாள், எழுந்து உட்காராமல் என்ன செய்ய?

அன்றிலிருந்து இந்த வீட்டில் வேலை ரெண்டு பேருக்கும் பங்கு. வரைவது மருமகள். அச்சடித்து வந்த மாதிரியை வெட்டி, டப்பாவில் ஒட்டிப் பார்த்து, அச்சகத்துக்கும் கம்பெனிக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது மாமியார். அந்தக் கைக்கு அது சாதாரண வேலை. இருபத்தாறு வருஷம் ஒரு பாட்டில் கம்பெனியில் லேபிள் பகுதியில் நின்றவள். திரும்பி வந்த பழைய பாட்டிலிலிருந்து காகிதத்தை நுனி கிழியாமல் உரிப்பாள், புது பாட்டிலில் ஒரு குமிழ் இல்லாமல் ஒட்டுவாள். இன்றைக்கும் வீட்டில் ஒரு சாமானில் லேபிள் கோணலாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

சரி, சிக்கல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். டை மாஸ்டர் என்று ஒருத்தர். அட்டைப்பெட்டி வெட்டுவதற்குப் பலகையில் பிளேடை வளைத்து வளைத்துப் பதிக்கிறவர். லேபிளோடு சேர்த்து மருமகள் வரைந்து அனுப்புகிற பெட்டிக் கோடுகளுக்கு வெட்டு அச்சு செய்வது அவர்தான். நாற்பதைத் தாண்டியும் தனி ஆள். படிக்கிற காலத்தில் அப்பா படுத்துவிட்டார், தங்கைகளைக் கரையேற்றியதில் தன் கல்யாணப் பேச்சை எடுக்க மறந்தே போனார். மூன்று வருஷமாக, "மேடம், அந்த மடிப்புல அரை மில்லி குறையுது" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாதவர், பதினைந்து நாளைக்கு முன்னால் போனில், "உங்களுக்கு விருப்பம் இருந்தா, உங்க வீட்டுல வந்து பேசட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அவளுக்கும் விருப்பம்தான். அதை அவரிடம் சொல்லவும் செய்தாள். "ஆனா அத்தைகிட்ட நானே சொல்றேன். அவசரப்படாதீங்க" என்றாள்.

பதினைந்து நாளும் வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனது. கெட்ட மாமியாராக இருந்தால் எவ்வளவு சௌகரியம்! சண்டை போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கலாம். விரலை முதலில் பார்க்கிறவளிடம், "நான் இன்னொரு வீட்டுக்குப் போறேன், நீங்க தனியா இருங்க" என்று எந்த நாக்கால் சொல்வது? நன்றியே அவள் வாயைப் பூட்டிப் போட்டிருந்தது.

கம்ப்யூட்டர் மெக்கானிக் அக்கா அன்று சாயந்திரமே மழைக் கோட்டோடு வந்தாள். நாலு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கிறவள். பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தவுடன் உதட்டைப் பிதுக்கினாள்.

"மதர்போர்டு அவுட்டு. பவர் சப்ளையும் கூடவே. இந்த போர்டு இப்ப எங்கயும் வர்றதில்ல. ஹார்ட் டிஸ்க் தப்பிச்சிருக்கும், உங்க வேலை எல்லாம் பத்திரம். ஆனா புதுப் பெட்டிதான் போட்டாகணும்."

"மெழுகுவர்த்திக்காரங்களுக்கு சனிக்கிழமைக்குள்ள நாலு லேபிள் குடுக்கணும் அக்கா."

"நாளைக்கு மத்தியானம் ஓட வச்சுடுறேன். ஆமா, விண்டோஸ் லைசென்ஸ் எதுல வாங்கினீங்க? பழைய பெட்டியில ஸ்டிக்கர் ஏதாச்சும் ஒட்டியிருக்கும், பாத்து வைங்க." ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஓசி டீ ஒன்றைக் குடித்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் கொழுந்தன் வந்து சேர்ந்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கிறான். புதுப் பெட்டிக்கு அவன்தான் பொறுப்பேற்றான். "அண்ணன் இருந்தா வாங்கியிருக்க மாட்டானா? இது என் பங்கு அண்ணி, பேசாதீங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். நல்ல பையன்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மெக்கானிக் அக்கா அனுப்பின பெட்டியை அவனே மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைக்கு அடியில் வைத்தான். அக்கா மத்தியானம் வந்து மிச்சத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

மழை விட்டபாடில்லை. மருமகள் அச்சகத்துக்குப் போய், சனிக்கிழமைக்கு அச்சு மெஷினை ஒழித்து வைக்கச் சொல்லிவிட்டு, நனைந்த குடையோடு திரும்பி வந்தாள். வந்து பார்த்தால் வீடெல்லாம் ஆவி. கூடத்து நடுவில் ஸ்டூல் மேல் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. பழைய பெட்டியைப் படுக்கப் போட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் கெட்டிலின் மூக்கை அவள் சொல்கிற பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டிருந்தான்.

"என்ன அத்தை இது?"

"பேசாத. மூச்சு விட்டா காத்து படும்."

பழைய பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்ன லைசென்ஸ் ஸ்டிக்கர் அது. இப்படிப்பட்ட ஸ்டிக்கரெல்லாம் உரித்தால் தூள் தூளாகக் கிழிவதற்கென்றே செய்தது. யாரும் எடுத்து வேறெங்கும் ஒட்டிவிடக் கூடாதாம். யாரும் என்றால் யார்? இருபத்தாறு வருஷம் லேபிள் உரித்தவளையுமா சேர்த்துச் சொன்னார்கள்? ஆவி காட்டி, தையல் நூலை அடியில் கொடுத்து, இழுத்தும் இழுக்காமலும் அறுத்து, அரை மணி நேரத்தில் முழுசாகத் தூக்கிவிட்டாள். ஒரு எழுத்து சிதையவில்லை. புதுப் பெட்டியில் அதே பக்கம், அதே உயரத்தில், ஸ்கேல் வைத்துப் பார்த்து ஒட்டி, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டாள்.

"முடிஞ்சுது. லைசென்ஸ் மாத்தியாச்சு. இதுக்குப் போய் அந்தப் பொண்ணு எதுக்கு வரணும்?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மருமகளுக்கே ஒரு கணம், ஒருவேளை சரியாக இருக்குமோ என்றுதான் இருந்தது. லேபிள் எதில் இருக்கிறதோ அதுதானே சரக்கு? அவர்கள் பிழைப்பே அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

மத்தியானம் மெக்கானிக் அக்கா வந்து, ஒயர்களை மாட்டி, சுவிட்சைத் தட்டினாள். எல்லாம் வந்தது. பழைய வேலைகள், மெழுகுவர்த்தி ஜாடி, பாதியில் நின்ற ஊதா நிறம் எல்லாம். கூடவே திரை ஓரத்தில், லைசென்ஸ் செல்லாது என்று சாம்பல் எழுத்தில் ஒரு வரியும் வந்தது.

"ஸ்டிக்கர் எங்க இருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டபடி குனிந்தவள், புதுப் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தாள். பழைய பெட்டியைப் பார்த்தாள். மறுபடி புதுசைப் பார்த்தாள். "யாரு பண்ணது இது?"

"நான்தான். ஏன், கோணலா இருக்கா?" என்றாள் மாமியார்.

மெக்கானிக் அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அம்மா, பதினெட்டு வருஷமா கடை வச்சிருக்கேன். இதை முழுசா எடுத்த ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன். உங்க கையைக் குடுங்க, கண்ணுல ஒத்திக்கிறேன். ஆனா ஸ்டிக்கர்தான்மா வந்திருக்கு. லைசென்ஸ் வரல."

"அதெப்படி? அதுல நம்பர் இருக்கே."

"நம்பர் இருக்கு. ஆனா அது செத்துப்போன போர்டோட நம்பர். உங்க பையன் வாங்கினது ஓ.இ.எம்."

"அப்படின்னா?"

"இதுல ரெண்டு தினுசு இருக்கும்மா. ஓ.இ.எம்.ங்கிறது மெஷினோட சேத்துக் குடுக்கிறது. முதல்ல எந்த போர்டுல ஏத்துறோமோ அதோட அது கட்டிப்போட்ட மாதிரி. போர்டு போனா அதுவும் போச்சு. ரீட்டெய்ல்னு இன்னொண்ணு இருக்கு. அது வாங்குற ஆளோடது. இதுலேருந்து எடுத்துட்டு அடுத்ததுல போட்டுக்கலாம். ஒரு நேரத்துல ஒரு மெஷின்லதான் ஓடும். ஆனா எந்த மெஷின்னு வாங்கினவங்க முடிவு பண்ணலாம்."

"வேலையில வித்தியாசம்?"

"துளிகூட இல்ல. இது செய்யுற எல்லாத்தையும் அதுவும் செய்யும். விலைதான் கிட்டத்தட்ட டபுள். என்னைக் கேட்டா, மெஷினை மாத்துற எண்ணமே இல்லைன்னா ஓ.இ.எம். போதும். எதை வாங்கினாலும் எனக்கு ஒண்ணும் பெருசா மிஞ்சாது, அதனால உள்ளதைச் சொல்றேன்."

கொழுந்தன் குறுக்கே புகுந்தான். "எதுக்கு ரெண்டும்? எங்க லிஃப்ட் கம்பெனியில ஒருத்தன் சும்மாவே போட்டுக் குடுக்கிறான். அஞ்சு நிமிஷம்."

"வாயைக் கழுவு" என்றாள் மாமியார். "போன வருஷம் ஒரு ஆளு வந்து, இன்னொரு கம்பெனி சோப்பு லேபிள் மாதிரியே அச்சு அசலா வரைஞ்சு குடுன்னு கேட்டான். உங்க அண்ணி வாசலைக் காட்டிட்டா. அந்த வீட்டுல திருட்டுச் சாமானா?"

"சரி சரி, கோவப்படாத. அப்ப ஓ.இ.எம். போடுங்கக்கா. மெஷின் இங்கதானே இருக்கப் போகுது, அண்ணி எங்க போயிடப் போறாங்க?"

அவன் வெள்ளந்தியாகத்தான் சொன்னான். மருமகளுக்கு முகம் சூடேறிவிட்டது. ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் எழுந்து போய், சாத்தியிருந்த ஜன்னலையே மறுபடி சாத்தினாள். "ஓ.இ.எம்.மே போதும் அக்கா" என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். சொன்ன மாத்திரத்தில், டை மாஸ்டருக்கு இல்லை என்று பதில் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

மாமியார் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்கானிக் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். மெஷினைத் தூக்கிட்டு வேற வீட்டுக்குப் போனா?"

"தூக்கிட்டுப் போனா ரெண்டும் கூடவே வரும்."

"மெஷினை இங்க விட்டுட்டு ஆளு மட்டும் போனா?"

"அப்படின்னா ஓ.இ.எம். இங்கயே நின்னுடும். ரீட்டெய்ல்னா ஆளோட போகும். அங்க ஒரு மெஷினை வாங்கிப் போட்டுக்க வேண்டியதுதான்."

"அப்ப ரீட்டெய்லே போடு."

"அம்மா!" என்றான் கொழுந்தன். "டபுள் விலைம்மா!"

"அது என் காசு. இருபத்தாறு வருஷம் நின்ன காலுக்கு வந்த பணம், பேங்க்ல தூங்குது. நீ பெட்டியோட நிறுத்திக்க."

மெக்கானிக் அக்கா போனில் எதையோ தட்டி, வாங்கி, நிமிர்ந்தாள். "யாரு பேருல பதியணும்?"

"அண்ணன் பேருலயே பழைய அக்கவுன்ட் ஒண்ணு இருக்குமே" என்றான் கொழுந்தன்.

"அவன் வாங்கினது அவனோட போச்சுடா" என்றாள் மாமியார். "நல்லதைத்தான் வாங்கினான், இவ்வளவு நாள் சோறு போட்டுச்சு. இது இவ பேருல இருக்கட்டும். நீயே வந்து அடிம்மா. உன் பேரை மட்டும் அடி, முன்னாடி பின்னாடி யாரும் வேணாம்."

மருமகள் வந்து உட்கார்ந்து அடித்தாள். எத்தனையோ கம்பெனிப் பேரை எழுத்து எழுத்தாக இழைத்துக் கொடுத்தவளுக்கு, சொந்தப் பேரை அடிக்க விரல் தடுமாறியது. ரெண்டு தரம் அழித்து அடித்தாள். ஓரத்திலிருந்த சாம்பல் வரி காணாமல் போனது.

"அத்தை, எதுக்கு இவ்வளவு..."

"எதுக்கா?" மாமியார் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு உன்னைத் தெரியாதா? நீ இந்த வீட்டை விட்டுப் போற அன்னிக்கு ஒரு ஸ்பூனைக்கூட எடுக்க மாட்ட. 'மெஷின் உங்களோடது அத்தை, தம்பி வாங்கினது'ன்னு சொல்லிட்டு வெறுங்கையோட படி இறங்குவ. அதான், நீ எல்லாத்தையும் விட்டுட்டுப் போனாலும் உன்கூடவே வர்ற மாதிரி ஒரு சாமான் வாங்கினேன்."

மெக்கானிக் அக்கா ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டபடி, "நான் கீழ போய் நிக்கட்டுமா?" என்றாள்.

"நீ எங்க போற? டீ வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போ."

"நான் எங்க அத்தை போகப் போறேன்?" என்றாள் மருமகள். அவளுக்கே கேட்காத குரல்.

"ஏம்மா, நீ ஆயிரம் பேர்கிட்ட போன்ல பேசுற. அச்சகத்துக்காரர்கிட்ட பேசினா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசுற. அந்த டை மாஸ்டர்கிட்ட அரை மில்லி, கால் மில்லின்னு பேசும்போது மட்டும் சிரிச்சுக்கிட்டே பேசுற. அரை மில்லியில என்னடி சிரிப்பு?"

கொழுந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. "டை மாஸ்டரா? அம்மா, எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"உனக்குச் சொன்னா லிஃப்ட்ல ஏறி இறங்குற அத்தனை பேருக்கும் தெரிஞ்சுடும்."

மருமகள் அழுதுவிட்டாள். சின்ன அழுகை இல்லை, பதினைந்து நாள் அடக்கி வைத்தது. மாமியாரின் மடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "உங்களை விட்டுட்டு எப்படி அத்தை... நீங்க எனக்குப் பண்ணினதுக்கு நான் செத்தாலும் ஈடாகாது... தனியா எப்படி இருப்பீங்க... நான் போகல அத்தை, வேணாம்" என்று கோர்வையில்லாமல் சொன்னாள்.

"பண்ணினது என்ன பண்ணினது? முட்டை அவிச்சு வச்சேன், அதையும் பாதி நாள் நீ தின்னல." மாமியார் அவள் முதுகைத் தட்டினாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. "நீ உக்காந்து வேலை பாத்ததாலதான் நானும் எழுந்து நடமாடினேன். இல்லைன்னா நானும் அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டுப் படுத்திருப்பேன். உனக்கு நான் நன்றி சொல்லணும்டி. அதை விடு. உன்னைப் போன்னு சொல்லல, இருன்னும் சொல்லல. போறதா இருந்தா தடை இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"அந்த ஆளு எப்படின்னு நான் போய் விசாரிக்கிறேன்" என்று கொழுந்தன் சட்டைக் கையை மடித்தான்.

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். செவ்வாய்க்கிழமை ஷூ பாலிஷ் அட்டையை அவர் வீட்டுப் பட்டறையில குடுக்கப் போனப்ப நானே பாத்துட்டேன். ஒளிவு மறைவில்லாமக் கேட்டேன்."

மருமகள் விசுக்கென்று தலையைத் தூக்கினாள். "என்ன கேட்டீங்க?"

"'என் மருமக வந்தா நானும் கூடவே வருவேன், எங்களை ரெண்டு பேரா நினைக்காதீங்க, சம்மதமா'ன்னு கேட்டேன்."

"ஐயோ, அத்தை! அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்வாரு? அவருக்குத்தான் பேச்சே வராதே. எழுந்து போய் பின்பக்க ரூமைத் தொறந்து காட்டி, உங்க கட்டிலை எந்தப் பக்கம் போடட்டும்னு கேட்டாரு. ஜன்னல் பக்கம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."